நோரீனின் புதன்கிழமைகள்

"பேசாதே கண்ணு, வாயை ஆட்டினா கொக்கி ஈறுல குத்திடும். கண்ணை மட்டும் சிமிட்டு. படகுக்காரனுக்கு ஒரு தடவை. லைஃப்கார்டுக்கு ரெண்டு தடவை."

நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் ஷெரீஃப் அலுவலகத்தில் இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர். இடுப்பில் துப்பாக்கி, கழுத்தில் நீலக் காகிதத் துண்டு. வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் கர்ரென்று இரைகிறது. மனிதர் கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். பிறகு இரண்டு தடவை சிமிட்டுகிறார்.

"நினைச்சேன்," என்கிறாள் நோரீன், அடுத்த பல்லுக்குப் போய்க்கொண்டே. "பல்லிடுக்குல நூல் விடாத ஆம்பளைங்க எல்லாருமே லைஃப்கார்டு கட்சிதான்."

நோரீன் டைக்ஸ்ட்ராவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மானிஸ்டீ என்ற சின்ன அமெரிக்க ஊரில் டாக்டர் ஹூக்ஸ்ட்ராவின் பல் கிளினிக்கில் முப்பத்தொரு வருஷமாகப் பல் சுத்தம் செய்கிறாள். முன்மேசையில் உட்கார்ந்து போனை எடுப்பதும் தேதி கொடுப்பதும் என் வேலை. அதிலேயே எனக்குப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. என் மேசையிலிருந்து பார்த்தால் அவளுடைய நாற்காலி முழுசாகத் தெரியும். அவள் குரல் கேட்க மேசை தேவையில்லை, வாசலில் கார் நிறுத்தும்போதே கேட்கும்.

அவளுக்கு முகம் ஞாபகம் இருக்காது. மளிகைக் கடையில் யாராவது "நோரீன்!" என்று கட்டிப்பிடித்தால் திருதிருவென்று விழிப்பாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டால் போதும். "அட, மேல் வரிசை இடது பக்கப் பல்லுக்குக் கேப் போட்டவங்க! எப்படி இருக்கீங்க?" என்று குழந்தை குட்டி வரை விசாரித்துவிடுவாள். ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். போன ஹாலோவீனுக்கு, வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு அவள் மிட்டாய்க்குப் பதில் பல் துலக்கும் பிரஷ் கொடுத்தாள். மறுநாள் காலையில் அத்தனை பிரஷும் அவள் வீட்டுப் புல்வெளியில் வரிசையாக நட்டுவைக்கப்பட்டிருந்தன. "நல்லா நட்டிருக்காங்க, ஒண்ணுகூட சாயல," என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

இப்படிப்பட்டவள் மூன்று வருஷமாக உயிரை வைத்திருந்தது 'படகுத்துறைக் கோடை' என்ற டிவி தொடர் மேல். பதினேழு வயசுப் பெண் ஒருத்தி கோடை விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகிறாள். அங்கே படகு ஓட்டும் பையன் ஒருவன், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். கடற்கரையில் குளிக்க வருகிறவர்களைக் காக்கும் லைஃப்கார்டாக இருக்கும் பையன் ஒருவன், வாயை மூடவேமாட்டான். இருவரும் சிநேகிதர்கள். இருவருக்கும் அவள் மேல் கண். அந்தப் பெண்ணோ ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக மூன்று கோடையை ஓட்டினாள். நான் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. நோரீன் புண்ணியத்தில் எந்தப் பகுதியில் யார் யாருக்கு முத்தம் கொடுத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

மற்றவர்கள் கண்ணையும் தலைமுடியையும் பார்த்தால் நோரீன் பல்லைப் பார்ப்பாள். "படகுக்காரன் சிரிக்கிறப்ப கவனி. கீழ்வரிசை முன்பல்லு நாலும் தட்டையாத் தேஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பிள்ளை அது. மனசுல இருக்கிறதை வெளிய சொல்லத் தெரியாதவங்கதான் அப்படிக் கடிப்பாங்க. பாவம்." லைஃப்கார்டுக்கு அவள் அகராதியில் மன்னிப்பே கிடையாது. "அவன் பல்லுல ஒரு துளி காரை இல்ல. எவ்வளவு செலவு பண்ணி வெள்ளையாக்கியிருக்கான் பாரு. எந்நேரமும் லொடலொடன்னு. அந்த மாதிரி வாயை எனக்குத் தெரியாதா? நான் கண்ணாடியில தினம் பாக்கிறேனே."

புதிய பகுதி புதன்கிழமை விடியுமுன்பே வந்துவிடும். நோரீன் ஐந்து மணிக்கு எழுந்து, முப்பத்தொரு வருஷம் கொக்கி பிடித்து வீங்கிப்போன கட்டைவிரல் மேல் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்காருவாள். அவள் கணவன் கென்ட் காப்பிக் கோப்பையோடு சுவரோரம் நின்று, பார்க்காத மாதிரி பார்ப்பான். "இன்னுமா அவ முடிவு பண்ணல?" என்பான். "நீ என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்ல ஒரு வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடுதானே ஆச்சு?" "அதுக்குத்தான் இத்தனை வருஷமா வருத்தப்படறேன், நகரு, திரை மறைக்குது," என்பாள் இவள்.

எட்டு மணிக்கு அழுத கண்ணோடு கிளினிக்குக்கு வருவாள். அப்போது ஆரம்பிக்கும் அவஸ்தை. வயிற்றில் கதை முட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் இன்னும் பார்க்காதவர்களிடம் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் அதற்கு இணையான பாவம் குறைவு. ஒருவர் சர்ச்சுக்கு வராவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். கதையின் முடிவை முன்கூட்டி உடைத்தவரைப் பொறுக்கமாட்டார்கள். முதல் கோடையில் நோரீன் அப்படி ஓர் அம்மாளிடம் உளறிவிட, அவர் பாதி வாயோடு எழுந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு நானும் நோரீனும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்.

வருகிறவர்களிடம் நான் வழக்கமான கேள்விகளைக் கேட்பேன். "புதுசா மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? அலர்ஜி உண்டா? கர்ப்பமா இருக்கீங்களா? எத்தனாவது பகுதி வரைக்கும் பார்த்திருக்கீங்க?" இன்னும் பார்க்காதவர்களின் கோப்பில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவேன். மஞ்சளைக் கண்டால் நோரீன் வானிலையைப் பற்றிப் பேசுவாள், செர்ரி விளைச்சலைப் பற்றிப் பேசுவாள், நெற்றி நரம்பு புடைக்க அடக்கிக்கொள்வாள். டாக்டர் முதலில் முறைத்தார். "இது என்ன மருத்துவமனையா, சினிமாக் கொட்டகையா?" என்றார். இரண்டாம் கோடையில் ஒரு புதன்கிழமை அவரே என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு குடு. ரெண்டு பகுதி பாக்கி," என்று ஒரு மஞ்சள் சீட்டை வாங்கி அங்கியில் ஒட்டிக்கொண்டு போனார்.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அது லூயான், நோரீனின் அக்கா. மூன்று வயது மூத்தவள்.

ஊருக்கு வெளியே சரளைக்கல்லும் மணலும் விற்கும் கிடங்கு லூயானுடையது. ஆறு லாரி, எட்டு ஓட்டுநர்கள். முரட்டு பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாள், உட்காருவாள், எழுந்து போவாள். "ம்", "சரி", "எப்போ" என்பதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. அவளிடம் போய்ப் படகுக்காரனா லைஃப்கார்டா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அவர்களுடைய அப்பா இறந்தது ஒரு மார்ச் மாதம். கடைசி நாலு வருஷம் அவரை வைத்துப் பார்த்தவள் லூயான். தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் அவள்தான். கடைசி இரண்டு மாதம் முடியாமல் போய், அவளே இடுப்பு பிடித்துக்கொண்டு விழுந்தபிறகு, ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அங்கேதான் அவர் போனார். அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. நாற்பது பேர் தட்டோடு வரிசையில் நிற்கிறோம். காப்பிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்த நோரீன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ கொண்டுபோய் அங்க போட்டதாலதான் அப்பா செத்தார்." அவளுக்குத்தான் சின்னக் குரல் என்பதே கிடையாதே. லூயான் தட்டைக் கீழே வைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள். உருளைக்கிழங்கு சாலட் கரண்டியைப் பிடித்தபடி நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்று சாயங்காலமே நோரீனுக்குத் தெரிந்துவிட்டது, தான் சொன்னது எவ்வளவு பெரிய அநியாயம் என்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுக் காரில் ஏறிப் போனவள் அவள். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தாள். கிடங்கின் கேட் வரை காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள், எனக்குத் தெரிந்து மூன்று தடவை. ஊரெல்லாம் வாயடிக்கிறவளுக்கு அக்காவிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. கொட்டின சொல்லை அள்ள முடியுமா?

முன்பெல்லாம் லூயானுக்குச் சுத்தம் செய்தது ட்ரிஷா என்ற இன்னொருத்தி. இரண்டு வருஷத்துக்கு முன் ட்ரிஷா கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துப் பக்கம் போய்விட்டாள். வேறு கிளினிக் என்றால் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். லூயான் என்னிடம், "யார் செஞ்சா என்ன, பல்லுதானே," என்றாள். அப்படித்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அக்கா தங்கையின் நாற்காலியில் படுக்க ஆரம்பித்தாள்.

அந்த ஒரு மணி நேரம் கிளினிக்கில் நோரீன் குரலே கேட்காது. "திற." "இந்தப் பக்கம்." "துப்பு." அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நாற்பது நிமிஷத்தில் முடிப்பவள் லூயானுக்கு முழு ஒரு மணி எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு பல்லையும் பின்பக்கம், முன்பக்கம், இடுக்கு என்று மெதுவாக, கை அழுந்தாமல் செய்வாள். வேறு யாருக்கும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. லூயான் போனபிறகு என் மேசைக்கு வந்து நிற்பாள். "ஈறுல ரத்தம் கசியுது. சரியாச் சாப்பிடறதில்லைன்னு நினைக்கிறேன்," என்பாள். "நீயே கேக்கலாமே," என்பேன். அடுத்தவருடைய கோப்போடு உள்ளே போய்விடுவாள்.

போன செப்டம்பரில் தொடரின் கடைசிப் பகுதி வந்தது. அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு லூயானுக்குத் தேதி கொடுத்திருந்தது நான்தான். மார்ச்சில் கொடுத்த தேதி, அப்போது யாருக்குத் தெரியும்?

நோரீன் அன்று வந்ததே ஒரு தினுசாக இருந்தது. மூக்கு சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மணிக்கு வந்தவருக்கு மஞ்சள் சீட்டு, எட்டே முக்காலுக்கு வந்தவருக்கும் மஞ்சள் சீட்டு. ஒருவரிடமும் வாயைத் திறக்க வழியில்லாமல் தவித்தாள். ஒன்பதரைக்கு லூயான் வந்து படுத்தாள். அவள் கோப்பில் சீட்டு இல்லை. அரைச்சுவருக்கு அந்தப் பக்கம், சர்ச் போதகரின் மனைவி பெவ், கடைவாய்ப்பல் எடுக்க டாக்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

பாதி வேலை முடிந்திருக்கும். பெவ்வுக்குப் பொறுக்கவில்லை. சுவருக்கு மேலே குரல் கொடுத்தாள். "நோரீன்! நான் நாலரைக்கே எழுந்து பாத்துட்டேன்டி!"

நோரீன் அக்கா வாயில் கொக்கியை வைத்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று நொடி தாக்குப்பிடித்திருப்பாள்.

"படகுக்காரன்தான் பெவ்! கடைசில படகுக்காரன்தான்! படகு கிளம்பிப் போறப்ப அவ செருப்பைக் கழட்டி வீசிட்டுக் குதிச்சா பாரு, நான் கத்தின கத்துல கென்ட் காப்பியைக் கொட்டிட்டான்!"

லூயானின் கை எழுந்து நோரீனின் மணிக்கட்டைப் பிடித்தது. கொக்கி தட்டில் விழுந்து சத்தம் போட்டது. மற்றக் கையால் லூயான் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினாள்.

"நான் இன்னும் பாக்கலடி."

ஆறு வருஷத்தில் அவள் தங்கையிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தப்பு என்னுடையது. ஊரில் எல்லோரையும் கேட்ட கேள்வியை, சரளைக்கல் விற்கிறவளுக்குக் காதல் கதை எதற்கு என்று, இந்த ஒருத்தியிடம் கேட்காமல் விட்டவள் நான்.

"நீ... அதைப் பாப்பியா, லூ?" என்றாள் நோரீன்.

"மூணு வருஷமா. சாயங்காலம் லாரி எல்லாம் உள்ள வந்தப்புறம், ஆபீஸ்ல தனியா உக்காந்து. இன்னிக்குக் கடைசின்னு பீட்சாகூடச் சொல்லி வெச்சிருந்தேன்."

"மன்னிச்சிடு, லூ," என்றாள் நோரீன். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "மன்னிச்சிடு. நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும். எனக்கு எப்பவுமே இந்த வாய். யோசிக்காம, எல்லார் முன்னாடியும், பட்டுனு... மன்னிச்சிடு லூ. என்னை மன்னிச்சிடு." கண்ணீர் மோவாயில் வழிந்து காகிதத் துண்டின் மேல் சொட்டியது.

லூயான் அவளைப் பார்த்தாள். "ஒரு படகுக்காரனுக்கா இவ்வளவு அழுகை?"

"இல்ல. அப்பாவுக்கு." நோரீனின் குரல் அத்தனை சின்னதாகி நான் கேட்டதே இல்லை. "சர்ச் ஹால்ல சொன்னதுக்கு. நீ அவரை எங்கயும் போடல. நீதான் தூக்கின, நீதான் கழுவின. நான் ஞாயித்துக்கிழமை வந்து வேடிக்கை பாத்துட்டுப் போனவ. எனக்கு அன்னிக்கே தெரியும் லூ. சொல்ல வரல. கேட் வரைக்கும் வந்தேன், சொல்ல வரல."

"தெரியும். கேமராவுல உன் காரைப் பாத்தேன்," என்றாள் லூயான். "மூணு தடவையும் கேட்டைத் திறந்துதான் வெச்சேன்."

போன் அடித்தது, எடுக்கவில்லை.

லூயான் மறுபடி தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தாள். யாரையோ திட்டுகிற மாதிரி சொன்னாள். "எனக்கு லைஃப்கார்டைத்தான் பிடிச்சுது."

"அவனையா? அந்த ஓட்டைவாயனையா?"

"ஆமா. வாய்க்கு வந்ததை உளறுவான், மனசைப் புண்ணாக்குவான், அப்புறம் தானே தலையில அடிச்சுக்கிட்டு அழுவான். ஆனா உள்ளுக்குள்ள விஷம் கிடையாது. அவனைப் போய்க் கரையில நிக்க விட்டுட்டுப் போயிட்டாளே, பாவி."

"அவனும் அழுதான் லூ," என்றாள் நோரீன் விசும்பிக்கொண்டே. "கடைசில மணல்ல உக்காந்து..."

"ஏய்! நிறுத்துடி! அதையாவது நான் பாக்கணும்!"

பெவ் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. டாக்டர் ஊசியோடு வாசலில் வந்து நின்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"பாதி வாய்தான் ஆயிருக்கு," என்றாள் லூயான். "மீதியை யார் செய்யறது?"

நோரீன் கண்ணையும் மூக்கையும் கையுறையோடேயே துடைத்திருந்தாள். முகத்தைத் தொட்டால் கையுறையை மாற்றியாக வேண்டும். கழற்றி எறிந்தாள், குழாயடியில் கை கழுவினாள், பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை உருவினாள். கை இன்னும் ஈரமாக இருந்தது. விரல்கள் பாதியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகவில்லை. முதலாவது கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது.

லூயான் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து மூன்றாவதைத் தானே எடுத்து, காய்த்துப்போன இரண்டு கைகளாலும் அதன் வாயை அகல விரித்துத் தங்கையின் முன்னால் பிடித்தாள். நோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.